காணி பங்கிட்டால் மட்டும் போதுமா?
அல்பேனியா நாட்டு அனுபவம்

வேலியை எங்கே போடுவது? பாதையை எங்கே விடுவது? இந்த இரு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே ஒரு குடியிருப்பு ஊராக மாறுகின்றது. முதலாவது கேள்விக்கு ஒரு குடும்பம் தனித்தே விடை கண்டுவிடலாம். இரண்டாவதற்கு அயலவர் எல்லோரும் ஒன்றுகூடியாக வேண்டும். இவ்வுண்மையைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட ஒரு சிறிய நாட்டைப் பற்றியே இங்கு பார்க்கப் போகின்றோம். அதுதான் ஐரோப்பாவின் தென்கிழக்கே, இலங்கையின் பாதியளவுகூட இல்லாத அல்பேனியா.

கொடுத்ததும் எடுத்ததும்

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் ஆட்சிக்கு வந்த என்வர் ஹோஜாவின் அரசு, 1945ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பெருநிலக்காரரின் காணிகளை எடுத்து உழுதவருக்குக் கொடுத்தது. ஆனால் கொடுத்த கையே அவற்றைத் திரும்பவும் வாங்கிக்கொண்டது. 1967ஆம் ஆண்டளவில் மலைக் கிராமங்கள் உட்பட நாடு முழுவதும் கூட்டுப் பண்ணைகளாகிவிட்டன. 1976ஆம் ஆண்டு அரசியலமைப்பு நிலத்தை முற்றாக அரச உடைமையாக்கியது. அத்துடன், கிராமத்தவர் அனுமதியின்றி நகரத்தில் குடியேறவும் முடியாதிருந்தது.

1991இல் அந்த ஆட்சி ஆட்டங்கண்டபோது கூட்டுப் பண்ணைகள் சிதறின. கோபங்கொண்ட மக்கள் பண்ணைக் கட்டடங்களை உடைத்தனர், பழமரங்களைத் தறித்தனர், நீர்ப்பாசன வாய்க்கால்களும் சேதமடைந்தன. அவ்வாண்டு யூலை மாதத்தில் நிறைவேறிய 7501ஆம் இலக்கச் சட்டம், கூட்டுப் பண்ணைக் காணியைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளித்தது.

நீதியான பங்கீடு, ஆனால்...

எல்லோருக்கும் சமபங்கு என்பது கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. நல்ல மண், கெட்ட மண், தண்ணீர் பாயும் வயல், பாயாத மேட்டுநிலம் எல்லாவற்றிலும் ஒவ்வொருவருக்கும் பங்கு வேண்டுமென்று கேட்டதால், ஒரு குடும்பத்தின் இரண்டரை ஏக்கர் காணி மூன்று நான்கு இடங்களில் துண்டு துண்டாகக் கிடந்தது. உழவு இயந்திரத்தை ஒரு துண்டிலிருந்து மறுதுண்டுக்குக் கொண்டுபோவதே பெரும்பாடாயிற்று. வாய்க்காலைத் துப்புரவாக்குவது யார் பொறுப்பு என்பதற்கும் விடையில்லை.

வேறு சிக்கல்களும் எழுந்தன. முன்னாள் உரிமையாளரை இச்சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. வடக்கு மலைநாட்டில் பல கிராமத்தவர் சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பாட்டன் பூட்டன் காலத்து எல்லைகளின்படியே காணியைப் பிரித்துக்கொண்டனர். முன்னைய உரிமையாளருக்கு நட்டஈடு வழங்க 1993இல் வேறொரு சட்டம் வந்தது. ஒரே நிலத்துக்கு இருவர் உரிமை கோரும் வழக்குகள் பெருகின. அந்த நட்டஈட்டு ஏற்பாடு ஒழுங்காக இயங்கவில்லையென ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2012இலும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

பாத்தோரே மக்கள்

மலைநாட்டில் ஓர் ஏக்கர்கூடத் தேறாத குடும்பங்கள் பல. நகரத்தில் குடியேறுவதற்கிருந்த தடை நீங்கியதும் டீபர், கூக்கஸ் போன்ற வடகிழக்குப் பகுதிகளிலிருந்து அவர்கள் தலைநகர் டிரானாவை நோக்கி இறங்கினர். நகரின் வாசலில் காமஸ் என்னுமிடத்தில் முன்னாள் அரச பண்ணையின் வயல்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. அதன் ஒரு பகுதியே பாத்தோரே. வந்தவர்கள் கயிறு பிடித்து அளந்து, வேலியடைத்து, வீடு கட்டினார்கள். உறுதியும் இல்லை, அனுமதியும் இல்லை. நீர்க்குழாய், கழிவு வாய்க்கால், பாடசாலை எதுவுமே இல்லை.

1995இல் அரசு அவ்வீடுகளை இடித்தகற்ற முற்பட்டது. மக்கள் எதிர்த்து நின்றனர். இடித்தால் அவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு அதிகாரிகளிடமும் பதில் இருக்கவில்லை. இந்நிலையில் கோ-பிளான் என்ற தொண்டு நிறுவனத்தின் இளம் திட்டமிடலாளர்கள் குடியிருப்பினுள் சென்று மக்களுடன் அமர்ந்து பேசினர். தெருக்களின் வரைபடத்தை மக்களோடு சேர்ந்தே வரைந்தனர். 1998 முதல் உலக வங்கியின் கடனுதவியும் கிடைத்தது. பாதைகளுக்கும் கழிவு வாய்க்கால்களுக்கும் ஆன செலவில் ஒரு பங்கைக் குடியிருப்பாளரும் செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. தெருவை அகலமாக்குவதற்காகப் பலர் தாம் கட்டிய மதிலையும் வேலியையும் தாமே பின்னுக்கு நகர்த்தினர். முன்னர் ஒரு சாண் நிலத்துக்கும் சண்டை பிடித்தவர்கள் பொதுப் பாதைக்கென நிலம் விட்டுக்கொடுத்தது சிறிய காரியமல்ல.

காலங்கடந்த திட்டம்

நாடு முழுவதும் இப்படி எழுந்த வீடுகளைச் சட்டபூர்வமாக்குவதற்கு 2006இல் ஒரு தனி நிறுவனம் அமைக்கப்பட்டபோது, இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. 2015இல் 373 உள்ளூர் நிருவாகப் பிரிவுகள் 61 மாநகரசபைகளாக இணைக்கப்பட்டன. 2016இல்தான் முழு நாட்டுக்குமான இடத்திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. வீடுகள் முதலில் வந்தன; திட்டம் கால் நூற்றாண்டு பிந்தி வந்தது. இதற்கிடையில் இலட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டே வெளியேறினர். 1989இல் ஏறத்தாழ 32 இலட்சமாக இருந்த சனத்தொகை 2023 கணக்கெடுப்பில் 24 இலட்சமாகக் குறைந்துவிட்டது.

நாம் கவனிக்க வேண்டியவை

அல்பேனிய மக்களின் கதையிலிருந்து மூன்று விடயங்களை மனதில் இருத்திக்கொள்வோம். முதலாவது, காணி கிடைப்பது தொடக்கமே. தண்ணீரும் பாதையும் சந்தையும் இல்லாத காணி ஒரு குடும்பத்தைத் தாங்காது. இரண்டாவது, பழைய உரிமையாளரின் கோரிக்கையை ஒதுக்கிவிட்டுச் செய்யப்படும் பங்கீடு பிள்ளைகள் காலத்திலும் வழக்காகத் தொடரும். மூன்றாவது, தாமே உட்கார்ந்து வரைந்த திட்டத்துக்காக மக்கள் தம் வேலியையும் நகர்த்துவார்கள். வேறெவரோ வரைந்து தந்த திட்டத்துக்காக ஒரு கதியாலைக்கூடப் பிடுங்கமாட்டார்கள்.

இன்று முகாமிலோ உறவினர் வளவிலோ இருந்துகொண்டு நாளைய குடியேற்றத்தைப் பற்றி யோசிப்பவர்கள், வேலிக்குக் கதியால் வெட்டுமுன் அயலவரோடு கூடியிருந்து பாதை எங்கே, கிணறு எங்கே, பாடசாலை எங்கே என்று ஒருமுறை பேசிக்கொள்வது நல்லது.