பழைய வாசலுக்குத் திரும்பலாமா?

உத்தியோகம் தேடி அலைகிறவனுக்கு ஒரே கவலைதான். கிடைக்குமா, கிடைக்காதா என்பதே அது. ஆனால், "நீ வேண்டாம்" என்று அனுப்பிவிட்ட இடத்திலிருந்தே மறுபடியும் "வா" என்று கடிதம் வந்துவிட்டால், அந்த மனிதனுக்கு உண்டாகும் கவலைகள் ஒன்றிரண்டு அல்ல. போனால் ரோஷம் கெட்டவன் என்பார்கள். போகாவிட்டால் புத்தி கெட்டவன் என்பார்கள். இந்த இரண்டு பட்டங்களுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒருவன், மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, திருச்சியில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான்.

அவன் என்னிடம் படித்தவன். கணக்கில் சுமார், கைவேலையில் கெட்டிக்காரன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் மோட்டார் உறுப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தான். வாடிக்கையாளர் ஒருவர் சரக்கு வாங்குவதை நிறுத்திவிட்டார் என்று சொல்லி, ஒரே நாளில் நாற்பது பேரை நீக்கினார்கள். அவர்களில் இவனும் ஒருவன். மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினான். இரண்டு மாதம் வீட்டில் சும்மா இருந்த பிறகு, துவாக்குடியில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு சிறு பட்டறையில் சேர்ந்தான். அங்கே இருபத்தெட்டாயிரம் வாங்கியவனுக்கு இங்கே பத்தொன்பதாயிரம்.

பத்து மாதம் கழித்துப் பழைய இடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. "வேலை இருக்கிறது, விருப்பமானால் வரவும்" என்று இரண்டே வரி.

"வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"அம்மா, 'கூப்பிட்டவனைத் தள்ளாதே' என்கிறாள், ஸார். என் சம்சாரம், 'ஒரு தடவை அனுப்பினவர்கள் மறு தடவை அனுப்பமாட்டார்களா?' என்கிறாள். எனக்கோ அந்த வாசலை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அன்றைக்கு வாசற் காவற்காரர் என் பையைச் சோதித்து அனுப்பினார், ஸார். ஒன்பது வருஷம் தினமும் வணக்கம் சொன்ன மனுஷர்."

இதைச் சொல்லும்போது அவன் குரல் கம்மியது. பணத்தைவிட அந்தப் பைதான் அவனை அதிகமாக உறுத்திக்கொண்டிருந்தது என்பதைக் கண்டேன்.

குற்றமும் இல்லை, தயவும் இல்லை

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. திருட்டு, ஒழுங்கீனம் முதலிய குற்றங்களுக்காக ஒருவனை விலக்குவது வேறு. வேலை குறைந்துவிட்டது என்று ஆளைக் குறைப்பது வேறு. ஆள்குறைப்பில் வெளியே வந்தவன்மீது எந்தக் குற்றமும் இல்லை. ஆகவே அவன் திரும்பிப் போவதில் அவமானமும் இல்லை. அவ்வாறே, மீண்டும் அழைக்கிற முதலாளி அவனுக்குத் தயவு செய்கிறார் என்பதும் இல்லை. அவருக்கு வேலை தெரிந்த கை வேண்டியிருக்கிறது. இவனுக்குக் கூலி வேண்டியிருக்கிறது. இதற்கு ரோஷம், நன்றி என்ற இரண்டு பெரிய வார்த்தைகளும் அநாவசியம்.

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'லே-ஆப்' என்றே சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் அது வேறு. மூலப்பொருள் இல்லாமலோ, இயந்திரம் கெட்டோ, சில நாட்களுக்கு வேலை கொடுக்க முடியாமல் நிறுத்தி வைப்பதுதான் லே-ஆப். அதில் தொழிலாளியின் பெயர் பதிவேட்டிலேயே இருக்கும். ஐம்பது பேருக்குக் குறையாத தொழிற்சாலையில், ஒரு வருஷம் வேலை பார்த்தவனுக்குப் பாதிச் சம்பளமும் உண்டு. பெயரையே அடித்து அனுப்பிவிடுவது ஆள்குறைப்பு. என் மாணவனுக்கு நேர்ந்தது இரண்டாவது.

பொன்மலை சொல்லும் பாடம்

திருச்சிக்காரர்களுக்கு ஆள்குறைப்பு என்ற சொல் புதிதல்ல. 1928-ம் வருஷம் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார், நாகப்பட்டினம் முதலிய இடங்களில் இருந்த பட்டறைகளைப் பொன்மலையில் ஒன்று சேர்த்தபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் குறைத்துவிட முடிவு செய்தார்கள். அதை எதிர்த்து அவ்வருஷம் ஜூலை மாதம் பெரிய வேலைநிறுத்தம் மூண்டது. அந்நிய அரசாங்கம் கம்பெனியின் பக்கம் நின்றது. மாத முடிவுக்குள் போராட்டம் அடக்கப்பட்டது. தலைமை வகித்த சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைத் தண்டனை பெற்றார்கள். நீக்கப்பட்டவனுக்கு இன்ன தொகை கொடுக்க வேண்டும், மறுபடி ஆள் எடுக்கும்போது அவனை முதலில் கேட்க வேண்டும் என்று சொல்ல அப்போது ஒரு சட்டமும் இல்லை. கம்பெனியின் மனமே சட்டம்.

சுதந்திரம் வந்த 1947-ல் தொழில் தகராறுச் சட்டம் வந்தது. 1953-ல் அதனைத் திருத்தி, ஆள்குறைப்புக்கு விதிகள் செய்தார்கள். ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான சம்பளம். முடிந்த ஒவ்வொரு வருஷ சேவைக்கும் பதினைந்து நாள் சம்பளம் நஷ்ட ஈடு. கடைசியில் வந்தவன் முதலில் போவது என்ற முறை. மறுபடி ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவனுக்கு முன்னுரிமை. பொன்மலையிலும் பிற இடங்களிலும் அடிபட்டவர்களின் பிள்ளைகளுக்கும் பேரன்மாருக்கும் கிடைத்த பாதுகாப்பு இது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ம் வருஷத்திய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதிலும் அந்த முன்னுரிமை உண்டு. ஆனால் அதற்கு ஒரு கெடு இருக்கிறது: நீக்கிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஆள் எடுத்தால்தான் அது செல்லும்.

"நீ வெளியே வந்து எத்தனை மாதம்?" என்று கேட்டேன்.

"பத்து."

"அப்படியானால் அந்தக் கடிதம் தயவுக் கடிதம் அல்ல, அப்பா. சட்டம் கேட்கச் சொல்லுகிறது, அவர்கள் கேட்கிறார்கள்."

அவன் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

காகிதமும் பென்சிலும்

பிறகு இருவரும் கணக்குப் போட உட்கார்ந்தோம். மனம் குழம்பியிருக்கும்போது காகிதமும் பென்சிலும் செய்கிற உபகாரத்தை வேறு எந்த உபதேசமும் செய்வதில்லை.

முதற் கேள்வி, பழைய கணக்குத் தீர்ந்ததா என்பது. ஒன்பது வருஷத்துக்கு நூற்று முப்பத்தைந்து நாள் சம்பளம் நஷ்ட ஈடாக வந்திருந்தது. பணிக்கொடையும் வந்திருந்தது. பழைய பாக்கி ஏதாவது இருந்தால், திரும்பிப் போகுமுன் அதை எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிட வேண்டும். உள்ளே போன பிறகு கேட்பதற்கு நாக்கு எழாது.

இரண்டாவது, எந்த மாதிரி வேலைக்கு அழைக்கிறார்கள் என்பது. இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நிரந்தர வேலையா? குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமா? அல்லது அதே இயந்திரத்தின் முன் நின்றாலும், சம்பளம் கொடுப்பவர் வேறொரு ஒப்பந்தக்காரரா? குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்த வேலை, அந்தக் காலம் முடிந்து நின்றுபோனால் அது ஆள்குறைப்பு ஆகாது. பதினைந்து நாள் கணக்கும் கிடையாது. நிரந்தர வேலையில் ஐந்து வருஷம் இடைவிடாமல் இருந்தால்தான் பணிக்கொடை. கால வரையறையுள்ள வேலைக்குப் புதிய சட்டப்படி ஒரு வருஷமே போதும். இது மட்டும் அதில் ஓர் ஆறுதல்.

மூன்றாவது, வருங்கால வைப்பு நிதி. இருபது பேருக்குக் குறைந்த பட்டறைகளை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. துவாக்குடியில் அவனுக்கு அது இல்லை. அந்தத் திட்டத்தோடு சேர்ந்த ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷ சேவை வேண்டும். இவனுக்கு ஒன்பது ஆகியிருக்கிறது. நல்ல வேளையாக, வேலை போன பயத்தில் அவன் அந்தப் பணத்தை எடுத்துவிடவில்லை. எடுத்திருந்தால் ஒன்பது வருஷமும் கணக்கிலிருந்து போயிருக்கும். குறைகிற ஒரு வருஷத்தைப் பழைய இடத்திலேதான் முடிக்கவேண்டும் என்பதும் இல்லை. அந்தத் திட்டத்தில் சேர்ந்த எந்த இடத்திலும் முடிக்கலாம்.

நான்காவது, வீட்டுக் கணக்கு. இரண்டு சம்பளத்துக்கும் வித்தியாசம் ஒன்பதாயிரம். இங்கே சொந்த வீடு. அங்கே குடும்பத்தோடு போனால் வாடகையே ஆறாயிரத்து ஐந்நூறு. தனியாகப் போனாலோ அறை, சாப்பாடு, மாதம் இருமுறை ஊருக்கு வரும் செலவு. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் மாதம் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறுக்குமேல் மிஞ்சவில்லை. "இதற்காகவா, ஸார், ஒரு வாரமாகத் தூங்காமல் இருந்தேன்?" என்று சிரித்தான். அவன் சிரித்தது அன்று அதுதான் முதல் தடவை.

ஐந்தாவது கேள்வியைக் காகிதத்தில் எழுத முடியவில்லை. பட்டறைக்காரர், இவன் வேலையில்லாமல் நின்றபோது, சான்றிதழ் ஒன்றும் கேட்காமல் ஒரு வாரம் கைவேலையைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டவர். அவரிடம் சொல்லாமல் ஓடிவிடுவது தகுமா? அடிமை விசுவாசம் வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஆனால் தன்னை முன்னறிவிப்பில்லாமல் அனுப்பியது தவறென்று நினைக்கிறவன், தான் போகும்போது பிறருக்கு முன்னறிவிப்புக் கொடுக்கக் கடமைப்பட்டவன் அல்லவா?

யாருக்குக் கடிதம் வரவில்லை?

கணக்கெல்லாம் முடிந்து அவன் எழுந்த பிறகு, "நாற்பது பேருக்கும் கடிதம் வந்ததா?" என்று கேட்டேன்.

அவன் முகம் மாறியது. "ஆறு பேருக்கு என்று கேள்வி, ஸார். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். இருபது வருஷ சேவை. ஐம்பது வயதுக்குமேல் ஆகிறது. அவருக்கு வரவில்லை."

நீக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்லுகிறது. இளையவர்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. இதை அவனிடம் சொன்னேன். அன்று இரவே அவன் இரண்டு காரியங்கள் செய்தான். தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் எழுதினான்: வேலை நிரந்தரமா, சம்பளம் என்ன, பழைய சேவை சேருமா? மற்றொன்று, அந்த அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, கெடு முடிய இன்னும் இரண்டு மாதமே இருக்கிறது. உடனே எழுத்து மூலம் விண்ணப்பம் போடுங்கள் என்று சொன்னான்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. இரண்டு வருஷத்துக்கு மட்டும் வேலை, சம்பளம் பழையபடி, பழைய சேவை சேராது. அவன் பட்டறைக்காரரிடம் போய் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். வைப்பு நிதியில் சிறு பட்டறைகளும் தாமாக விரும்பிச் சேர வழியுண்டு என்பதையும் சொன்னான். அவர் உடனே தலையசைத்துவிடவில்லை. "சித்திரையில் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார். சம்பளத்தில் மட்டும் ஆயிரத்து ஐந்நூறு உயர்த்தினார். என் மாணவன் பழைய இடத்துக்கு நன்றி தெரிவித்து, வரவில்லை என்று எழுதிவிட்டான்.

அந்த அண்ணன் வேறு முடிவு செய்தார். அவருக்குச் சொந்த ஊரே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் பாக்கி. வேறு எந்தத் தொழிற்சாலையும் அந்த வயதில் அவரை எடுக்காது. இரண்டு வருஷ வேலை அவருக்குப் பெரிய பேறு. விண்ணப்பம் போட்டார், முதலில் பதில் இல்லை, சட்டத்தைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினார், அழைப்பு வந்தது. சென்ற வாரம் வேலையில் சேர்ந்துவிட்டார்.

நிபந்தனை ஒன்றே, ஆட்கள் இருவர். ஒருவன் மறுத்தது சரி, மற்றவர் ஏற்றதும் சரி. ஆகையால், பழைய இடத்துக்குத் திரும்பலாமா என்று கேட்பவருக்கு நான் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டேன். பாக்கியைத் தீர்த்துக்கொள்ளுங்கள், நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள், வீட்டுக் கணக்கைப் போடுங்கள், இப்போது சோறு போடுகிறவரிடம் மறைக்காதீர்கள், கூட நின்றவனுக்கும் செய்தி சொல்லுங்கள். அதன்பின் போனாலும் தலை நிமிர்ந்து போகலாம். போகாவிட்டாலும் நிம்மதியாகத் தூங்கலாம்.

முதல் நாள் அந்த அண்ணன் வாசலில் நுழைந்தபோது, அதே காவற்காரர்தான் நின்றிருந்தாராம். பையைச் சோதிக்கக் கை நீட்டியவர், முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாராம். அண்ணன் தாமே பையைத் திறந்து காட்டி, "பாருங்கள், ஐயா, உங்கள் வேலையை நீங்கள் செய்யுங்கள், என் வேலையை நான் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாராம்.