பாதியில் நின்ற தாத்தா கதை!

தமிழ்த் தாத்தா உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' படித்து முடிப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அப்புறம் என்ன ஆச்சு?"

1940-ல் ஆனந்த விகடனில் தொடங்கிய தொடர் அது. 1942 ஏப்ரல் 28-ல் தாத்தா திருக்கழுக்குன்றத்தில் கண்ணை மூடினார். 1898-ல் மணிமேகலை வெளிவந்த காலத்தை ஒட்டியே கதை நின்றுபோச்சு!

மிச்சம் நாற்பது வருடக் கதை?

தேடினால் கிடைக்கும். 'நினைவு மஞ்சரி', 'நான் கண்டதும் கேட்டதும்' நூல்களில் தாத்தாவே துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறார். பதிப்புகளின் முகவுரையைப் புரட்டித் தள்ளிவிடக் கூடாது. ஏடு கொடுத்தவர், உதவியவர் பெயரெல்லாம் அங்கேதான். மாணவர் கி.வா.ஜ. எழுதிய 'என் ஆசிரியப்பிரா'னும் உண்டு. பெசன்ட் நகரில் தாத்தா பெயரிலுள்ள நூலகத்தில் அவர் சேர்த்த சுவடிகளும் வந்த கடிதங்களும் இருக்கின்றன.

திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த 'தியாகராச விலாசம்' 2012-ல் இடிபட்டது. கும்பகோணம் கல்லூரி வேலைக்கு வழி செய்த தியாகராச செட்டியார் பெயரை நன்றியோடு வைத்த வீடு அது. வீடு போச்சு, காகிதமாவது மிஞ்சியிருக்கு.

1876-ல் மறைந்த குரு மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை, விடாமல் செய்தி சேர்த்து, 57 வருடம் கழித்து வெளியிட்டவர் தாத்தா.

குருவுக்கு அவர் பட்ட பாட்டை, அவருக்காக நாம் படக்கூடாதா?