செஞ்சி மழை, போர்தோ மழை

1750 செப்டம்பரில் ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், 1761 ஏப்ரல் வரை அதை வைத்திருந்தார்கள். கோட்டையில் ஒருபோதும் 100 ஐரோப்பியருக்கு மேல் நிறுத்தியதில்லை. ஆனால் பத்தாண்டில் 1,200 பேரை இழந்ததாகக் கேள்வி என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம். ஆண்டுக்கு 120. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள் நம்மூரில். ஆளுக்கே ஒத்துவராத இடத்தில் அவர்கள் ஊர்த் திராட்சைக் கொடி பிழைக்குமா?

மழைக் கணக்கை மட்டும் பார்த்தால் பிழைக்கும் போலத்தான் இருக்கிறது. பிரான்சின் ஒயின் ஊரான போர்தோவில் ஆண்டுக்குச் சுமார் 930 மி.மீ.; செஞ்சி இருக்கும் விழுப்புரம் பக்கம் 1,000-ஐச் சற்றுத் தாண்டும். ஆனால் அங்கே மாதத்துக்கு 50 முதல் 110 மி.மீ. என்று பிரித்துப் பெய்கிறது. இங்கே பாதி மழை ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. அங்கே அறுப்பு செப்டம்பர், அக்டோபர். நமக்கு அப்போதுதான் ஏரி நிரம்பத் தொடங்கும்.

குளிர்தான் பெரிய வித்தியாசம். ஜனவரியில் போர்தோவின் சராசரி 7 டிகிரி. இலை உதிர்த்துக் கொடி தூங்கும். செஞ்சியில் மார்கழி விடியலும் 20 டிகிரிதான். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தத் தூக்கத்தைக் கத்தியால் வாங்குகிறார்கள்: கவாத்து செய்த 120-ஆம் நாள் பன்னீர் திராட்சை அறுப்புக்கு வரும். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

போர்தோவின் மெதோக் பகுதியில் ஹெக்டேருக்கு 10,000 கொடி வரை நெருக்கி நடுகிறார்கள். அதில் 45 ஹெக்டோலிட்டர் (4,500 லிட்டர்) ஒயின் எடுத்தால் 225 லிட்டர் பீப்பாய் இருபது, அதாவது 6,000 பாட்டில். ஒரு கொடிக்கு ஒரு பாட்டில்கூடத் தேறாது! இத்தனை பாடுபட்டும், 2023-இல் 900 லிட்டர் கொண்ட ஒரு தொன்னோ சாதாரணச் சிவப்பு ஒயின் மொத்த விலையில் 1,000 யூரோவுக்கும் கீழே போனது. யூரோ 90 ரூபாய் என்று வைத்தால், ஒரு பாட்டில் அளவு 75 ரூபாய்க்கும் குறைவு. பேர்போன பண்ணைகளின் விலை வேறு கதை. கொடியைப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 6,000 யூரோ என்று அறிவித்தார்கள். நம் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 2.19 லட்சம் ரூபாய். 9,500 ஹெக்டேருக்கு 5.7 கோடி யூரோ ஒதுக்கீடு.

செஞ்சி மண் பிரான்சுக்குக் கொடுத்தது வேறு சரக்கு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டு மல்லாட்டை (நிலக்கடலை) புதுச்சேரியில் கப்பலேறி மார்செய் போனது. அங்கே எண்ணெயானது, சோப்பானது. சுமார் 105 நாள் பயிர், குளிர் வேண்டாம். செஞ்சி விற்பனைக்கூடத்தில் இன்றும் அதற்கு 80 கிலோ மூட்டைக் கணக்கு. விதை ரகத்தின் பெயருக்கு முன்னால் நிற்கும் டி.எம்.வி. என்ற மூன்று எழுத்து, 28 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திண்டிவனம்.