மீதி எரிமலை எங்கே?

மலையைப் பெயர்த்தெடுத்த வீரர்களைப் பற்றிக் கதைகளில் படித்திருப்பீர்கள். ஓர் எரிமலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி 314 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கிறது என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தென்கிழக்கே, பின்னக்கிள்ஸ் என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் பூச்செடிகளை எண்ணிவிடாதீர்கள். புதர்க்காடு மண்டிய மலைப்பகுதி இது; நடுவே செந்நிறப் பாறைகள் கோபுரங்களாகவும் தூண்களாகவும் எழுந்து நிற்கின்றன. 1908-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இவ்விடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். 2013-இல் அது தேசியப் பூங்காவாயிற்று.

சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகட்கு முன் இங்கே பொங்கிய பாறைக் குழம்பில் சிலிக்கா மிகுதி. அத்தகைய குழம்பு தண்ணீராக ஓடாது. முற்றிய வெல்லப்பாகுபோல் இறுகி நிற்கும். உள்ளே சிக்கிய வாயுக்கள் வெளியேற வழியின்றி இறுதியில் வெடித்துச் சிதறும். அப்படிச் சிதறிய கூரிய துண்டுகளும் சாம்பலும் சேர்ந்து இறுகி, கடலை மிட்டாயைப் போன்ற பாறையாயின. கடலை இருக்குமிடத்தில் கல், பாகு இருக்குமிடத்தில் சாம்பல்! பின்னர் மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி, வலுவற்ற பகுதிகளை அரித்துச் சென்றது. எஞ்சியவையே இன்றைய தூண்கள்.

சரி, மீதி எரிமலை எங்கே? பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்துள்ளது. பசிபிக் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் கோடுதான் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு. இப்பிளவு நம் எரிமலையின் குறுக்கே சென்றது. மேற்குப் பக்கம் நின்ற பகுதி பசிபிக் தட்டோடு வடமேற்கே பயணப்பட்டது. கிழக்குப் பக்கம் நின்ற பகுதி, லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே நீனக் என்ற இடத்தில் இருக்கிறது. கிழிந்த ரூபாய் நோட்டின் இரு பாதிகளையும் எண்ணைப் பார்த்துப் பொருத்துவதில்லையா? அதுபோல இரண்டு இடத்துப் பாறைகளின் வகைகளையும் அடுக்கு வரிசையையும் ஒப்பிட்டு, அவை ஒன்றே என்று வின்சென்ட் மாத்யூஸ் என்ற நிலவியலார் 1976-இல் காட்டினார்.

இன்று இப்பிளவின் இருபுறமும் ஆண்டுக்கு ஏறக்குறைய 3.5 செ.மீ. விலகுகின்றன, நம் விரல் நகம் வளரும் வேகம்தான். 314 கி.மீ.யை இதனால் வகுத்துப் பாருங்கள். 90 லட்சம் ஆண்டுகள்தாம் வரும். ஆகவே பயணம் எரிமலை பிறந்த நாள் முதல் இதே வேகத்தில் நடக்கவில்லை என்பது தெளிவு. சில இடங்களில் பிளவு மெல்ல நகர்கிறது. சில இடங்களில் ஒரேயடியாகத் தாவுகிறது. 1906 நிலநடுக்கத்தின்போது ஓரிடத்தில் தரை சுமார் 6 மீட்டர் விலகிற்று.

இப்பாறைகளிடையே குகைகளும் உண்டு. எரிமலை குடைந்த சுரங்கங்கள் அல்ல அவை. ஒடுங்கிய பள்ளத்தாக்குகளில் விழுந்த பெரும் பாறைகள் இடையில் சிக்கிக் கூரையாகிவிட்டன, அவ்வளவே. வௌவால்கள் அங்கே குட்டி போட்டு வளர்க்கின்றன.

பூங்காவின் அரிய விருந்தாளி கலிஃபோர்னியா காண்டார் என்ற பிணந்தின்னிக் கழுகு. சிறகு விரித்தால் ஏறத்தாழ 2.9 மீட்டர்! 1982-இல் உலகில் எஞ்சியவை 22 மட்டுமே. 1987-இல் கடைசிப் பறவையையும் பிடித்துவந்து கூண்டில் இனம் பெருக்கினார்கள். 2003 முதல் பின்னக்கிள்ஸில் அவற்றை விடத் தொடங்கினர்.

ஆனால் ஆபத்து நீங்கவில்லை. வேட்டையில் சுடப்பட்ட விலங்கின் உடலில் ஈயக் குண்டின் சிதறல்கள் தங்கிவிடுகின்றன; அதைத் தின்னும் கழுகு நஞ்சேறிச் சாகிறது. வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 2019-இல் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. எனினும் ஒரே நாளில் 200 கி.மீ.க்கு மேலும் பறக்கும் பறவைக்கு எல்லைக்கோடு ஏது? காண்டார் ஒரு முறைக்கு ஒரு முட்டைதான் இடும். முதல் முட்டைக்கே ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஒன்று இறந்தால் ஈடுகட்டுவது எளிதன்று. எனவே ஒவ்வொரு பறவையின் சிறகிலும் எண்ணட்டை மாட்டி, அவ்வப்போது பிடித்து, இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்து, மிகுந்திருந்தால் மருத்துவம் செய்து மீண்டும் பறக்கவிடுகிறார்கள்.