சடை, பின்னல், சட்டம்

தலைமுடியைக் காரணம் காட்டி வேலையோ படிப்போ மறுப்பதை இனப் பாகுபாடு என்று வரையறுத்த முதல் அமெரிக்க மாநிலம் கலிஃபோர்னியா. மேலவை உறுப்பினர் ஹாலி மிட்செல் கொண்டுவந்த அந்தச் சட்டம் 2019 ஜூலை 3 அன்று கையெழுத்தானது. ‘கிரவுன் சட்டம்’ என்று பெயர். ஆங்கிலத்தில் அச்சொல் மகுடத்தையும் குறிக்கும், உச்சந்தலையையும் குறிக்கும்.

கறுப்பினத்தவர் பலருக்கும் முடி நெருக்கமாகச் சுருண்டே வளர்கிறது. மண்டைத் தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை அத்தனை சுருள்களையும் கடந்து நுனிவரை இறங்குவதில்லை. அதனால் முடி எளிதில் உலரும். இழுத்துச் சீவினால் முறியும். இதற்குத்தான் மூன்று மூன்று காலாக எடுத்து, தலையோடு ஒட்டி, உழவுச் சால்போல வரிவரியாகப் பின்னுகிறார்கள். சிலர் முறுக்கிவிடுவார்கள், சிலர் சடையாகத் திரளவிடுவார்கள். பின்னிவிட்டால் வாரக்கணக்கில் சீப்பு படவேண்டாம். அழகு ஒருபுறம் இருக்க, முடியைக் காக்கும் வழியும் இதுவே. ஆனால் அலுவலகங்களும் பள்ளிகளும் நேராகப் படிந்த முடியையே நேர்த்தி என்று கொண்டன. அந்த நேர்த்திக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் காய்ச்சிய உலோகச் சீப்பையும், தோலைப் புண்ணாக்கும் காரக் கலவையையும் தலையில் தாங்கினார்கள்.

இனப் பாகுபாட்டை 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டம் ஏற்கெனவே தடைசெய்திருந்தது. முடி அதில் அடங்குமா என்பதில் நீதிமன்றங்கள் தடுமாறின. இயல்பாக விரிந்து நிற்கும் ‘ஆஃப்ரோ’ முடியால் பதவி உயர்வு போயிற்று என்ற பெண்ணின் புகாரை, 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இனப் பாகுபாட்டுப் புகாராக ஏற்றது. 1981இல் வரிப்பின்னல் போட்ட விமான நிறுவன ஊழியரின் வழக்கோ நியூயார்க்கில் தள்ளுபடியானது. பின்னல் பிறப்பில் வருவதில்லை, மாற்றிக்கொள்ளலாம் என்றது தீர்ப்பு. வெள்ளையின நடிகை ஒருவர் திரைப்படத்தில் அப்படிப் பின்னி வந்ததைக்கூட அது குறிப்பிட்டது! அலபாமாவில் ஒரு பெண் சடையை வெட்ட மறுத்ததால் கைக்கு வந்த வேலையை இழந்தார். 2016இல் அவர் தரப்பும் இதே வாதத்தில் தோற்றது. பின்னலை அவிழ்க்கலாம், சரி. பின்னவைக்கும் அந்தச் சுருளை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் வேறு வழியில் யோசித்தது. டர்பனில், தென்னிந்திய வம்சாவளி மாணவி ஒருவர் மூக்குத்தி அணியப் பள்ளி தடைவிதித்த வழக்கு அது. மூக்குத்தி கட்டாயச் சடங்கு இல்லை என்பதை 2007இல் நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும், ஒருவர் தானே விரும்பிக் கடைப்பிடிக்கும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தார்கள்.

கலிஃபோர்னியா செய்தது சிறிய திருத்தம்தான். ‘இனம்’ என்ற சொல்லின் வரையறைக்குள் முடியின் தன்மை, பின்னல், முறுக்கு, சடை ஆகியவற்றைச் சேர்த்தது. மாற்றிக்கொள்ளலாமே என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. நியூயார்க்கும் நியூஜெர்சியும் அதே ஆண்டில் பின்தொடர்ந்தன. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய சட்டம் உண்டு. நாடு முழுமைக்குமான மசோதா 2022 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் 235க்கு 189 என்று நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை.

டெக்சாஸில் 2023 செப்டம்பர் 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கே ஒரு கறுப்பின மாணவர் தம் சடைகளை உச்சியில் சேர்த்துக் கட்டியே பள்ளிக்கு வந்தார். அவிழ்த்துவிட்டால் புருவத்துக்கும் காதுமடலுக்கும் கீழே இறங்கும் என்று கூறி, பள்ளி அவரை மாதக்கணக்கில் வகுப்புக்கு வெளியே வைத்தது. சட்டம் முடியின் வகையைப் பேசுகிறது, நீளத்தைப் பேசவில்லை என்று 2024 பிப்ரவரியில் நீதிபதி பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தார்.