விரலில் ஒரு மணி, நெஞ்சில் ஓர் அமைதி



பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கேற்றும் வேளை. திருச்சொரூபத்தின் முன்னே மெழுகுதிரி எரிய, குடும்பத்தவர் ஒன்றுகூடிச் செபமாலை சொல்லத் தொடங்குகின்றனர். மூத்தவர் ஒருவர் 'அருள் நிறைந்த மரியே' எனத் தொடங்குகிறார். அவர் தமது பகுதியை முடிக்கும் முன்னரே மற்றவர்கள் பதிலைத் தொடங்கிவிடுகின்றனர். அவர்கள் முடிக்கும் முன்னரே அவர் அடுத்த மணிக்குச் சென்றுவிடுகிறார். இடையில் மூச்சுவிடவும் நேரமில்லை. சொல்லவேண்டிய செபங்கள் எல்லாம் சொல்லப்பட்டுவிடுகின்றன. ஆயினும், அமர்ந்தபோது மனத்தில் இருந்த படபடப்பு எழும்போதும் அப்படியே இருக்கிறது.

இக்காட்சி உங்களுக்குப் புதியதன்று. குறை கூறும் நோக்கத்தோடு இதனைக் குறிப்பிடவுமில்லை. நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள் அரைத் தூக்கத்திலும் இறைவனை மறவாது ஒன்றுகூடுவதே பெரிய காரியம். ஆனால், நம் முன்னோர் நம் கையில் தந்துவிட்டுப் போன அந்த மாலைக்குள் நாம் பெரும்பாலும் எடுத்துப் பயன்படுத்தாத ஒரு கொடை இருக்கிறது. விரல் மெதுவாக நகரவும், மூச்சு நிதானமாக ஓடவும், அலையும் மனம் ஆண்டவர் முன் வந்து அமரவும் துணைசெய்யும் கொடை அது. அதனைப் பற்றி இவ்வாரம் சற்றுச் சிந்திப்போம்.

கூழாங்கற்களிலிருந்து மணிகள் வரை

செபங்களைக் கையால் எண்ணும் வழக்கம் மிகப் பழைமையானது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாதியுஸ் என்னும் ஆயர், எகிப்தியப் பாலைவனத் துறவிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதிலே பெர்மே என்னும் மலையில் வாழ்ந்த பவுல் என்ற துறவியின் கதை வருகிறது. அவர் நாளொன்றுக்கு 300 செபங்கள் சொல்வார். எண்ணிக்கை தவறாதிருக்க 300 கூழாங்கற்களை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செபம் முடிந்ததும் ஒரு கல்லைப் போட்டுவிடுவார்.

ஒருநாள் அவருடைய மனம் கலங்கியது. எங்கோ ஒரு கன்னிப்பெண் நாள்தோறும் 700 செபங்கள் சொல்கிறாளாம் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். துயரத்தோடு மக்காரியுஸ் என்னும் பெரியவரிடம் சென்று முறையிட்டார். மக்காரியுஸோ, தாம் 100 செபங்களே சொல்வதாகவும், கையால் உழைத்து உண்டு, தம்மைத் தேடிவரும் சகோதரரையும் சந்தித்து வருவதாகவும், ஆயினும் தமது மனச்சாட்சி தம்மைக் குற்றஞ்சாட்டவில்லை என்றும் பதில் கூறினார். எண்ணிக்கை செபத்தின் அளவுகோல் ஆகாது என்பதை 1,600 ஆண்டுகளுக்கு முன்னரே திருச்சபை இவ்வாறு அறிந்துகொண்டது.

பின்னர், துறவற மடங்களில் 150 திருப்பாடல்களும் பாடப்பட்டபோது, வாசிக்கத் தெரியாத எளியவர்கள் அவற்றுக்கு ஈடாக 150 செபங்களைச் சொல்லலாயினர். கற்களின் இடத்தை முடிச்சிட்ட கயிறும், கோத்த மணிகளும் பிடித்துக்கொண்டன. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் செபமாலை செய்வதற்கென்றே தனித் தொழிற்குழுக்கள் இருந்தன. எலும்பு, கொம்பு, பவளம், அம்பர் என அவர்கள் கையாண்ட பொருட்கள் பல. ஆங்கிலத்தில் இன்று மணியைக் குறிக்கும் சொல்லுக்கு ஆதியில் 'செபம்' என்பதே பொருள். செபத்தைக் குறித்த சொல், செபிக்கும் விரல்களுக்கிடையே உருண்ட மணிக்குப் பெயராகிவிட்டது.

மூச்சு இறைவன் தந்தது

மண்ணினால் உருவாக்கப்பட்ட மனிதனின் நாசிகளில் ஆண்டவர் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்கநூல் கூறுகிறது (தொநூ 2:7). உயிர்த்த இயேசு, பூட்டிய கதவுகளுக்குள்ளே அஞ்சி ஒடுங்கியிருந்த சீடர்களிடம் வந்தபோதும் முதலில் சமாதானம் கூறி, பின்னர் அவர்கள்மேல் ஊதித் தூய ஆவியை அளித்தார் (யோவா 20:19-22). அச்சமுற்றோருக்கு ஆண்டவர் தந்த அமைதி மூச்சோடு சேர்ந்தே வந்தது என்பதைக் கவனியுங்கள்.

அச்சமும் கவலையும் நம்மைப் பிடிக்கும்போது முதலில் மாறுவது மூச்சே. அது மேலோட்டமாகவும் விரைவாகவும் ஓடத் தொடங்குகிறது. ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 20 தடவைகள் மூச்சு விடுகிறார். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்புச் சற்று விரைவடைகிறது. வெளியே விடும்போது தணிகிறது. எனவே, வெளிமூச்சை அவசரமின்றி நீளவிடுவதே உடலைச் சாந்தப்படுத்தும் எளிய வழியாகும்.

2001ஆம் ஆண்டு டிசெம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல் என்னும் மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியாகியது. இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும், நோயற்ற 23 பேரை இலத்தீன் மொழியில் செபமாலை சொல்லச் செய்து அவர்களின் மூச்சையும் இதயத் துடிப்பையும் அளந்தனர். செபத்தின் முற்பகுதியை ஒருவரும் பிற்பகுதியை மற்றவரும் மாறிமாறிச் சொல்லும் மரபுமுறையில், மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 தடவைகளாகத் தணிந்தது. இரத்த அழுத்தத்துக்கு ஏற்ப இதயத் துடிப்பைச் சீர்செய்யும் உடலின் இயல்பான ஒழுங்கும் மேம்பட்டது.

இங்கே நமக்கொரு பாடம் உண்டு. செபத்தில் பாதியைத் தாம் சொல்லி, மறுபாதியை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் முறையை நம் முன்னோர் வீணாக வகுக்கவில்லை. மற்றவர் சொல்லும் வேளை நான் காத்திருக்கும் வேளை. அதுவே நான் மூச்சு வாங்கும் வேளை, கேட்கும் வேளை, நான் சொன்னதை உள்ளத்தில் இறக்கும் வேளை. பதிலை முந்திக்கொண்டு சொல்லும்போது நாம் இழப்பது அந்த வேளையைத்தான்.

திருச்சபையின் ஆசிரியர்களும் இதனை அறிந்திருந்தனர். 1548இல் வெளியான 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் புனித இஞ்ஞாசியார், ஒரு மூச்சுக்கும் மறுமூச்சுக்கும் இடையே செபத்தின் ஒரே ஒரு சொல்லை மட்டும் உள்ளத்தில் சொல்லித் தியானிக்கும் முறையைக் கற்பிக்கிறார். கீழைத் திருச்சபைகளின் துறவிகளோ, இயேசுவின் திருப்பெயரைச் சொல்லி இரக்கம் வேண்டும் குறுஞ்செபத்தை மூச்சின் ஓட்டத்தோடு இணைத்து, கம்பளி நூலில் முடிந்த செபக் கயிற்றை விரல்களால் தள்ளியவாறு செபிக்கின்றனர்.

உங்கள் கையாலேயே ஒரு மாலை

விலையுயர்ந்த மாலை இதற்குத் தேவையில்லை. உறுதியான நூற்கயிறு ஒன்றும் சற்றுப் பொறுமையும் போதும். ஐந்து பத்து மணிகள் கொண்ட வழமையான செபமாலையில் மொத்தம் 59 மணிகள் உள்ளன. அவற்றில் 53 'அருள் நிறைந்த மரியே' செபத்துக்கும், 6 ஆண்டவர் கற்பித்த செபத்துக்கும் உரியவை. முதன்முறை செய்வோர் பத்து முடிச்சுகளும் ஒரு சிலுவையும் கொண்ட சிறு மாலையிலிருந்து தொடங்கலாம். அயர்லாந்தில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்ட காலத்தில், கையிலே மறைத்து வைக்கக்கூடிய இத்தகைய பத்து மணி மாலைகளே மக்களுக்குத் துணையாயிருந்தன.

ஒவ்வொரு முடிச்சையும் இடும்போது ஒருவரின் பெயரை நினைத்துச் செபியுங்கள். நோயுற்ற அயலவர், வெளிநாட்டில் இருக்கும் மகன், பேசாதிருக்கும் உடன்பிறப்பு, மறைந்த பெற்றோர். மாலை முடியும்போது உங்கள் விரல்கள் தொடுவது வெறும் கயிற்றை மட்டுமல்ல. பிள்ளைகளையும் அருகில் இருத்திச் செய்வது நல்லது. கையால் செய்த பொருளை அவர்கள் இலகுவில் எறிந்துவிடமாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். சிவப்பும் கறுப்பும் கலந்த குன்றிமணியை அதன் அழகு கருதிப் பல நாடுகளில் செபமாலைக்குக் கோத்து வந்தனர். அதன் விஞ்ஞானப் பெயரின் பிற்பகுதியான 'பிரெக்கட்டோரியஸ்' என்ற சொல்லும் செபத்தோடு தொடர்புடையதே. ஆனால், அவ்விதைக்குள் கொடிய நஞ்சு உள்ளது. துளையிட்ட விதை மேலும் ஆபத்தானது. சிறுவர் உள்ள வீட்டில் அதனைத் தவிர்த்து, மரமணிகளையோ முடிச்சுகளையோ பயன்படுத்துங்கள்.

செபமாலை கத்தோலிக்கருக்கு மட்டும் உரியது என எண்ணும் ஏனைய திருச்சபைகளின் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் அங்கிலிக்கன் மரபினர் 1980களில் 33 மணிகள் கொண்ட செபமாலை ஒன்றை உருவாக்கினர். ஆண்டவர் இவ்வுலகில் வாழ்ந்ததாகக் கருதப்படும் ஆண்டுகளை அந்த எண் நினைவூட்டுகிறது. சுவீடன் நாட்டு லூத்தரன் ஆயர் மார்ட்டின் லொன்னெபூ 1990களில் 18 மணிகள் கொண்ட ஒரு மாலையை அமைத்தார். அவற்றில் 6 மணிகள் மௌனத்துக்கு உரியவை. அந்த மணிகளில் விரல் நிற்கும்போது எதுவும் சொல்லவேண்டியதில்லை, இறைவன் முன் சும்மா இருந்தால் போதும். நம்முடைய மாலையிலும் அத்தகைய மௌன மணி ஒன்றை நாம் வைத்துக்கொண்டால் என்ன?

அமைதி கனி, இயேசுவே வேர்

எனினும், அன்பானவர்களே, ஒன்றை மறந்துவிடலாகாது. மேற்கூறிய ஆய்வில், செபமாலைக்குப் பதிலாக ஒரு யோக மந்திரத்தை உச்சரித்தபோதும் மூச்சு அவ்வாறே தணிந்தது. உடல் அடையும் அமைதி நல்லதே. அது படைத்தவர் நம் உடலில் வைத்த ஒழுங்கு. ஆனால் அதுவே செபமாகிவிடாது. பின்னாளில் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் ஆன கருதினால் ரட்சிங்கரின் தலைமையில், வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989 ஒக்டோபர் 15ஆம் திகதியிட்ட மடல் ஒன்றில் இதனையே விளக்கியது. உடலின் இதமான உணர்வுகளைத் தூய ஆவியின் ஆறுதல் என்று தவறாக எண்ணிவிடக்கூடாது என அது எச்சரித்தது.

அப்படியானால், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வது வீணா? பிற இனத்தாரைப் போலப் பிதற்றவேண்டாம் என்று ஆண்டவர் கூறினார் (மத் 6:7). அவரே கெத்சமனித் தோட்டத்தில் அதே வார்த்தைகளை மூன்றாம் முறையும் சொல்லிச் செபித்தார் (மத் 26:44). திருப்பாடல் 136இன் 26 வசனங்களிலும் ஆண்டவரின் பேரன்பு பற்றிய ஒரே பல்லவி திரும்பி வருகிறது. அன்பும் துயரமும் மிகும்போது மனிதர் புதிய சொற்களைத் தேடுவதில்லை. தாயை அழைக்கும் குழந்தை ஒரே சொல்லையே அழைக்கிறது.

ஆகவே, மாலை தாயத்துமன்று, மருந்துமன்று. வாகனத்தின் கண்ணாடியில் தொங்கவிட்டதால் மட்டும் அது பலன் தருவதில்லை. தொடர்ந்து தூக்கமின்றியும், வாழ்வில் பற்றின்றியும் வருந்துவோர் செபத்தோடு வைத்திய உதவியையும் தயங்காது நாடவேண்டும். வைத்தியரும் இறைவனின் கருவியே.

காயப்பட்ட கைகளுக்கு

நமது மண்ணில் இந்த மாலைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687ஆம் ஆண்டு கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார் புனித யோசவ் வாஸ் அடிகளார். யார் கத்தோலிக்கர் என்று எவரிடமும் கேட்க முடியாத நிலை. அவர் பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகச் சென்றார். அம்மாலையைக் கண்டு எவருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார். மறைந்து வாழ்ந்த விசுவாசிகளை அவருக்குக் காட்டிக்கொடுத்தது அந்த மாலையே. 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அதன்பின் எத்தனை கைகள் இம்மாலையைப் பற்றியிருக்கின்றன! பதுங்கு குழிகளில், இடம்பெயர்ந்த பாதைகளில், மடுவில் அடைக்கலம் தேடிய நாட்களில், 2004இன் ஆழிப்பேரலைக்குப் பின் கரையில் காத்திருந்தபோது, 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் உறவுகளை இழந்தபோது. காணாமற்போன பிள்ளைக்காக இன்னும் வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார் நம் நடுவே இருக்கின்றனர். அவர்களிடம் சென்று, அமைதியாக இருங்கள் என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? அவர்களில் பலருக்குச் செப வார்த்தைகளும் வற்றிப்போயிருக்கலாம். என்ன கேட்பதென்று அறியாத நமக்காகத் தூய ஆவியாரே சொல்லில் அடங்காப் பெருமூச்சுகளோடு பரிந்து பேசுகிறார் என்கிறார் பவுலடியார் (உரோ 8:26). சொல் வராத இரவில் மணியைப் பற்றியிருக்கும் விரலும், மார்பிலிருந்து எழும் மூச்சும்கூடச் செபமே. ஆண்டவர் அதனை அறிவார்.

இவ்வாரம் ஒருநாள், எல்லோரும் உறங்கியபின்னரோ விடியுமுன்னரோ பத்து நிமிடங்களை ஒதுக்குங்கள். முதுகை நிமிர்த்தி அமருங்கள். ஒரு மணியைத் தொடுங்கள். மூச்சை உள்ளே எடுக்கும்போது உள்ளத்தில் 'இயேசுவே' என்றும், மெல்ல வெளியே விடும்போது 'இரங்கும்' என்றும் சொல்லுங்கள். பின்னரே அடுத்த மணிக்கு நகருங்கள். மூச்சை வலிந்து அடக்கவேண்டாம். தலை சுற்றினால் இயல்பாக விடுங்கள். மனம் அலைந்தால் வருந்தாது மீண்டும் மணிக்குத் திரும்புங்கள். பத்து மணிகளே போதும். எழுந்தபின், முடிச்சிடும்போது நீங்கள் நினைத்த பெயர்களில் ஒருவரிடம் சென்று பேசுங்கள். செபத்தில் பெற்ற அமைதி உண்மையானதா என்பதை அங்கே அறிந்துகொள்வீர்கள்.

செபிப்போம்: எமக்கு உயிர்மூச்சைத் தந்த ஆண்டவரே, அவசரத்தில் உம்மைக் கடந்து ஓடும் எம்மை நிறுத்தியருளும். எம் விரல்கள் மணியைத் தொடும்போதெல்லாம் உமது கரம் எம்மைத் தாங்குவதை உணரச் செய்யும். சொற்கள் இழந்தோரின் பெருமூச்சைச் செபமாக ஏற்று, அவர்கள் இல்லங்களில் உமது சமாதானத்தைத் தங்கச் செய்தருளும். ஆமென்.