தீர்ப்பில் மட்டும் தொங்கும் கயிறு

இலங்கையில் கடைசியாகத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது 1976இல். ஆனால் அத்தண்டனையை விதிப்பதை நீதிமன்றங்கள் நிறுத்தவே இல்லை. கொலைக்கு மட்டுமல்ல, 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தாலும் 1984 முதல் சட்டப்படி மரண தண்டனை விதிக்கலாம். இதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மரண தண்டனைக் கைதிகள் என்ற பெயரோடு சிறையில் காலம் கழித்திருக்கிறார்கள். நாட்டை உலுக்கும் குற்றம் ஒன்று நடந்தால் "தூக்கில் போடு" என்ற குரல் எழும். அரசியல்வாதிகளும் அதற்கு ஒத்து ஊதுவார்கள். சில மாதங்களில் எல்லாம் அடங்கிவிடும்.

தூக்கு இல்லாவிட்டால் கொலை பெருகுமா என்பதை இந்த நாடு ஒருமுறை நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க மரண தண்டனையை நிறுத்திவைத்தார். 1958இல் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது. விளைவை ஆராயக் குற்றவியல் அறிஞர் நோர்வல் மொரிஸ் தலைமையில் ஆணைக்குழு அமைத்தார்கள். தூக்கை நிறுத்தியதால்தான் கொலைகள் கூடின என்று சொல்ல அந்த ஆணைக்குழுவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அந்த அறிக்கையை நிதானமாகப் படிக்க நாட்டுக்கு அவகாசம் வாய்க்கவில்லை. 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி பண்டாரநாயக்க சுடப்பட்டு, மறுநாள் உயிரிழந்தார். ஆண்டு முடிவதற்குள் தூக்கு திரும்பி வந்தது. நடந்து முடிந்த குற்றத்துக்கும் பொருந்தும்படி சட்டம் எழுதப்பட்டது. அவசரத்தில் எழுதியதில் ஓட்டை இருந்தது: கொலைக்கு முன்தேதியிட்ட சட்டம் கொலைச் சதிக்குப் பொருந்தவில்லை. சுட்ட சோமராம தேரர் 1962 ஜூலையில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். சதியின் மூளை என்று தீர்ப்பளிக்கப்பட்ட புத்தரக்கித்த தேரருக்கு மேன்முறையீட்டில் ஆயுள் தண்டனையே மிஞ்சியது. கோபத்தில் எழுதும் சட்டம் யாரைப் பிடிக்கும், யாரை விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தெற்காசியாவில் இருக்குமா தெரியவில்லை.

பக்கத்திலேயே இன்னொரு சோதனையும் நடந்திருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944இல் மரண தண்டனையை ஒழித்தது. இந்தியாவோடு இணைந்த பிறகு அது மீண்டும் வந்தது. தூக்கு இல்லாத 1945–50 காலத்தில் அங்கே 962 கொலைகள். தூக்கு திரும்பிய பின் 1950–55இல் 967. இந்த எண்கள் இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பகவதியின் மாறுபட்ட தீர்ப்பு வரை போயிருக்கின்றன. இவற்றை வைத்துத் தூக்கு பயனற்றது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. கொலை கூடுவதற்கும் குறைவதற்கும் வறுமை, போர், மது, ஆயுதப் புழக்கம் என்று நூறு காரணங்கள். அமெரிக்க தேசிய ஆய்வுக் கவுன்சிலும் 2012இல், அதுவரை வந்த ஆய்வுகளை வைத்து எந்தப் பக்கமும் முடிவு சொல்ல இயலாது என்றே கூறியது. ஆனால் "தூக்குப் போட்டால் குறையும்" என்று மேடையில் முழங்குகிறவர், இல்லாத சான்றை இருப்பதாகக் காட்டித்தான் பேசுகிறார்.

அண்மையில் அப்படி உரக்கப் பேசியவர் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. போதைப்பொருள் கடத்தல்காரர்களைத் தூக்கிலிடப் போவதாக 2018இல் அறிவித்தார். 2019 தொடக்கத்தில் அலுகோசு (தூக்கிலிடுபவர்) பதவிக்கு விளம்பரம் வந்தது. நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். (2014இல் அந்த வேலைக்குச் சேர்ந்த ஒருவர், தூக்குமேடையைப் பார்த்த அதிர்ச்சியில் வேலையை உதறிவிட்டுப் போனார்.) 2019 ஜூனில் நால்வரின் மரண ஆணையில் கையெழுத்திட்டதாக சிறிசேன அறிவித்தார். ஆனால் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இத்தனைக்கும், 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் மரண தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் தீர்மானத்துக்கு இலங்கை ஆதரவாகத்தான் வாக்களித்திருந்தது.

மக்களின் கோபத்தைக் குறைசொல்ல நான் துணியமாட்டேன். 2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளி மாணவி ஒருத்தி வன்புணர்ந்து கொல்லப்பட்டபோது வடக்கு முழுவதும் கடையடைத்தது. தூக்கு வேண்டும் என்று மாணவர்களும் தாய்மாரும் தெருவில் நின்றார்கள். ஆனால் கோபத்துக்கு எண்ணெய் வார்த்தது எது? மக்கள் பிடித்துக் கொடுத்த சந்தேக நபர் ஒருவர் நழுவிப்போய்க் கொழும்பில் அகப்பட்ட செய்திதான். குற்றவாளி தப்பிவிடுவான் என்ற அச்சம்தான் தூக்குக் கேட்க வைக்கிறது என்பது என் கணிப்பு. அந்த வழக்கில் 2017இல் யாழ்ப்பாணத்தில் எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த அச்சம் வீண் என்றும் சொல்வதற்கில்லை. 2000 டிசம்பரில் மிருசுவிலில் ஐந்து வயதுப் பிள்ளை உட்பட எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கில், இராணுவ சார்ஜன்ட் ஒருவருக்கு 2015இல் மரண தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மன்னிப்பு வழங்க, அந்த சார்ஜன்ட் வெளியே வந்தார்.

கயிற்றுக்காக வாதாடிய சிறிசேனவும் இதற்கு விலக்கல்ல. 2019 நவம்பரில் பதவியிறங்கும் தறுவாயில், ராஜகிரியவில் இளம்பெண் ஒருவரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்றிருந்தவரை மன்னித்து விடுவித்தார். அந்த மன்னிப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது. விடுதலையானவர் அதற்கு வெகு முன்பே நாட்டை விட்டுப் போயிருந்தார்.